ஒரே 60 இன்ச், ரெண்டு வில்லு

வில்வித்தை பக்கம் புதுசா வர்றவங்க கேட்கிற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "இது எத்தனை பவுண்ட்?" கொஞ்சம் பழகினவர்கள் இன்னொன்றும் கேட்பார்கள்: "வில்லோட நீளம் எத்தனை இன்ச்?" ரெண்டுமே நல்ல கேள்விதான். ஆனால் மூணாவதா ஒண்ணு இருக்கு, அதைப் பெரும்பாலும் யாரும் கேட்கிறதில்லை. அந்த நீளத்தில் கைப்பிடிக்கு எவ்வளவு போச்சு, வளையற பகுதிக்கு எவ்வளவு மிஞ்சிச்சு?

இதைச் சும்மா தியரிக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஃப்ரெட் பேர் என்ற வில் தயாரிப்பாளர் உருவாக்கிய டேக்டவுன் ரெகர்வ் வில்லை எடுத்துக்குங்க. கழற்றி மாட்டுற வகை. அதில் ஏ, பி என்று ரெண்டு கைப்பிடி. 1-ம் நம்பர், 3-ம் நம்பர் என்று ரெண்டு அளவு லிம்ப். ஏ-யில் 1-ம் நம்பர் மாட்டினால் 56 இன்ச் வில். பி-யில் 3-ம் நம்பர் மாட்டினால் 64. நடுவில்தான் வேடிக்கை. ஏ-யில் 3-ம் நம்பர் மாட்டினாலும் 60, பி-யில் 1-ம் நம்பர் மாட்டினாலும் 60. கடையில் ரெண்டுக்கும் ஒரே நீளம்தான் எழுதியிருக்கும். இழுத்துப் பார்த்தால் ரெண்டும் ஒரே வில் கிடையாது.

ஏன் கிடையாது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போறோம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரை எழுதி முடிச்ச கையோட மறந்தவர்களும் தைரியமாப் படிக்கலாம். கேண்டிலீவர் என்ற ஒரு வார்த்தை ஞாபகம் இருந்தால் போதும்.

முதலில் பெயர்களைச் சொல்லிடறேன். நடுவில் கை பிடிக்கிற, வளையாத கட்டைக்கு ரைசர் என்று பெயர். மேலும் கீழும் வளையற ரெண்டு பட்டைகள் லிம்ப். நாண் ஏற்றி, இழுக்காமல் வைத்திருக்கும்போது பிடியில் இருந்து நாண் வரை உள்ள தூரம் பிரேஸ் ஹைட். முழுசா இழுக்கும்போது நாண் வந்து நிற்கிற தூரம் டிரா லெங்த். இந்த டிராவை அளக்க ஒரு பொது வழக்கம் இருக்கு: பிடியின் ஆழமான இடத்தில் இருந்து நாண் வரை அளந்து, அதோடு ஒன்றே முக்கால் இன்ச் கூட்டணும். அதனால் "28 இன்ச் டிரா" என்று லேபிளில் இருந்தால் உண்மையில் பிடியில் இருந்து நாண் 26.25 இன்ச் தள்ளி இருக்கு என்று அர்த்தம். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 26.25-ஐ வைத்துத்தான்.

பேப்பரில் ஒரு வில்

நிஜ லிம்ப் ஒரு அழகான வளைவு. அதைச் சரியாகக் கணக்குப் போடுவது பெரிய வேலை. நெதர்லாந்துக்காரர் கூய் என்பவர் 1983-ல் வில்லின் மெக்கானிக்ஸை மட்டுமே வைத்து ஒரு முழு டாக்டர் பட்ட ஆய்வே எழுதியிருக்கார். நமக்கு அவ்வளவு வேண்டாம். லிம்ப்பை ஒரு நேரான, வளையாத குச்சி என்று வைத்துக்கொள்வோம். ரைசரின் முனையில் ஒரு கீல், அந்தக் கீலில் ஒரு சுருள் ஸ்பிரிங். குச்சி எவ்வளவு திரும்புதோ அவ்வளவு எதிர்ப்பு. பிரேஸ் ஹைட் எல்லாத்துக்கும் 7.5 இன்ச். பள்ளிக்கூட டிரிக்னாமெட்ரியும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

முதல் வில்: ரைசர் 20 இன்ச், லிம்ப் ஒவ்வொன்றும் 20. மொத்தம் 60. ரெண்டாவது: ரைசர் 16, லிம்ப் 22. இதுவும் 60. ரெண்டையும் 28 இன்ச் டிராவுக்கு இழுத்தால் முதல் வில்லின் லிம்ப் நேர் நிலையில் இருந்து 40 டிகிரி திரும்பியிருக்கும். ரெண்டாவதில் 37 டிகிரி. லிம்ப்பின் நுனியில் நாணுக்கும் லிம்ப்புக்கும் நடுவே உள்ள கோணம் முதலாவதில் 68 டிகிரி, ரெண்டாவதில் 64. ஆனால் உங்க விரல் இருக்கிற இடத்தில் நாண் மடங்குகிற கோணம் இருக்கே, அது 124-ம் 126-ம். கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இதை ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்க. விரலை நாண் எவ்வளவு நெருக்குது என்பதைப் பெரும்பாலும் வில்லின் மொத்த நீளம் தீர்மானிக்குது. லிம்ப் எவ்வளவு கஷ்டப்படுது என்பதை ரைசரும் லிம்ப்பும் அந்த நீளத்தை எப்படிப் பங்கு போட்டுக்கிட்டாங்க என்பதும் சேர்ந்து தீர்மானிக்குது. "நீளமான வில் ஸ்மூத்தா இருக்கும்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிட்டுப் போறவங்க இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிடறாங்க.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியணும்னா ரெண்டு கோடியையும் எடுக்கலாம். ஒரு பக்கம் 52 இன்ச் வில்: ரைசர் 16, லிம்ப் 18. ஃப்ரெட் பேரின் கம்பெனி விற்ற கோடியாக் மேக்னம் இந்த நீளம்தான். காட்டில் புதருக்குள்ளேயும், மரத்து மேலேயும் உட்கார்ந்து வேட்டையாடுறவங்களுக்கான குட்டை வில். (அதன் உள் அளவுகள் என் கணக்கில் உள்ளது போலவே இருக்கணும்னு இல்லை, மொத்த நீளத்தை மட்டும் கடன் வாங்கியிருக்கேன்.) இன்னொரு பக்கம் 68 இன்ச்: ரைசர் 20, லிம்ப் 24. 28 டிராவில் குட்டை வில்லின் நாண் கோணம் 79 டிகிரி, நீள வில்லுக்கு 57. விரல் இடத்தில் குட்டைக்கு 114, நீளத்துக்கு 133. மூணு விரலால் நாணைப் பிடிக்கிற முறையில் 114 என்பது விரல்களை அம்பின் பின்பக்கத்தோடு சேர்த்து நசுக்கும். விடும்போது அந்த நசுக்கல் அம்பைத் தள்ளிவிடும்.

கடைசி இன்ச் ஏன் கனக்குது

வில்லாளிகள் மத்தியில் ஸ்டேக்கிங் என்று ஒரு வார்த்தை உண்டு. இழுக்க இழுக்க எடை சீராக ஏறிட்டே வரும். முடிகிற இடத்தில் திடீர்னு சுவர் மாதிரி நிற்கும். நிறையப் பேர் இதை மரத்தின் குணம் என்று நினைக்கிறாங்க. பெரும்பாலும் ஜியாமெட்ரியின் குணம்தான்.

நாண் லிம்ப்பைத் திருப்புகிறது இல்லையா, அதற்கு எவ்வளவு நெம்புகோல் நீளம் கிடைக்கும்? லிம்ப்பின் நீளத்தை நாண் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் வருவதுதான் அது. சைன் வளைவை நினைவுபடுத்திக்குங்க. 20, 30 டிகிரி பக்கத்தில் செங்குத்தா ஏறும். 90-ஐ நெருங்க நெருங்கப் படுத்திடும். ஆரம்பத்தில் லிம்ப்பின் எதிர்ப்பு ஏறினாலும் நெம்புகோலும் கூடவே வளர்ந்து உங்களுக்கு உதவுது. கோணம் 80-ஐத் தாண்டினதும் அந்த உதவி நின்னுபோகுது, எதிர்ப்பு மட்டும் ஏறிட்டே இருக்கு. 90-ஐத் தாண்டினால் உதவி குறையவே ஆரம்பிச்சிடும்.

நம்ம பேப்பர் வில்லுகளில் ரெண்டையும் 28 டிராவில் சரியாக 40 பவுண்ட் வரும்படி ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டால், 27-ல் இருந்து 28-க்குப் போகிற கடைசி இன்ச்சில் நீள வில் 2.1 பவுண்ட் ஏறும், குட்டை வில் 2.8 ஏறும். கேட்க சின்ன நம்பர்தான். கை நீளமான ஒருத்தர் 30 வரை இழுத்தார்னு வைங்க. நீள வில் 44.5-ல் நிற்கும், குட்டை வில் 46-ஐத் தாண்டும், அதன் நாண் கோணம் 86 டிகிரி ஆகியிருக்கும். சுவர் அங்கேதான் இருக்கு.

ரெகர்வ் என்று நுனியை முன்பக்கமா வளைச்சு வைக்கிறதோட சூட்சுமமும் இதேதான். நாண் ஏற்றியிருக்கும்போது அந்த வளைவின் மேலே நாண் படிந்து கிடக்கும். அதனால் ஆரம்பத்தில் லிம்ப் குட்டையா இருக்கிற மாதிரி நடந்துக்கும். முதல் சில இன்ச்சுகளிலேயே எடை நல்லா ஏறிடும். இழுக்க இழுக்க நாண் வளைவை விட்டு எழும்பும், நெம்புகோல் நீளும், கடைசியில் மென்மை வரும். நுனி முன்னோக்கிப் பார்ப்பதால் நாண் கோணமும் என் நேர்க்குச்சிக் கணக்கை விடக் குறைவாகவே இருக்கும். அதனால்தான் நிஜமான ஒரு 60 இன்ச் ரெகர்வ், 60 இன்ச் நேர் லிம்ப் வில்லை விட எவ்வளவோ சுகம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது துருக்கி வில். நாண் ஏற்றிய நிலையில் நம்ம இடுப்பைக் கொஞ்சம் தாண்டுற உயரம்தான் இருக்கும். ஆனாலும் முழு நீளத்துக்கு இழுத்தாங்க. எப்படி? லிம்ப்பின் கடைசிப் பகுதியை வளையவே விடாமல், முன்னோக்கி மடக்கின கெட்டியான கொம்பு மாதிரி வைத்தார்கள். அது நெம்புகோலாகவே வேலை செய்யும். உள்பக்கம் விலங்குக் கொம்பு, வெளிப்பக்கம் தசைநார், நடுவில் மரம். அழுத்தத்தைக் கொம்பும் இழுவிசையை நாரும் தாங்கிக்கும். விரல் நசுங்கும் பிரச்சினைக்கும் விடை இருந்தது: மூணு விரலுக்குப் பதிலாக, மோதிரம் போட்ட கட்டை விரலால் நாணைப் பிடிச்சாங்க. கோணம் எவ்வளவு கூர்மையானாலும் ஒரே விரல், நசுக்க இடமே இல்லை.

குட்டை லிம்ப் கொடுக்கிற விலை

இப்போ கேண்டிலீவர். வளையற பட்டையின் மேற்பரப்பு எவ்வளவு நீளுது என்பது ரெண்டே விஷயத்தில் இருக்கு: பட்டையின் தடிமன், வளைவின் ஆரம். தடிமனை ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஸ்ட்ரெயின். தடிச்ச பட்டை அதிகம் நீளணும், கூர்மையா வளையறதும் அதிகம் நீளணும்.

52 இன்ச் வில்லில் 18 இன்ச் லிம்ப் 46 டிகிரி திரும்பணும். இன்ச்சுக்கு 2.6 டிகிரி. 68-ல் 24 இன்ச் லிம்ப் 33 டிகிரி திரும்பினால் போதும். இன்ச்சுக்கு 1.4. அதாவது ஒரே தடிமன் என்றால் குட்டை லிம்ப்பின் மேற்பரப்பு ஏறத்தாழ 1.85 மடங்கு அதிகமா நீளுது. மரத்துக்கு இது சாவு. வெளிப்பக்கம் சுமார் 1 சதவீதம் நீண்டாலே பல மரங்கள் எல்லைக்கு வந்துடும். அதனால் குட்டை லிம்ப்பை மெலிசாக்கணும். மெலிசாக்கினால் விறைப்பு தடிமனின் மூணாம் படியில் விழும். பாதித் தடிமன் என்றால் எட்டில் ஒரு பங்கு விறைப்பு. அதை ஈடுகட்ட அகலத்தைக் கூட்டணும். அகலம் ஒற்றைப் படியில்தான் உதவும். குட்டை வில்லுகளின் லிம்ப் பலதும் அகலமா, மெலிசா இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒரே மரத்தில் வில் செதுக்குகிறவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: டிராவின் இரு மடங்கு, அதோடு வளையாத கைப்பிடிப் பகுதி. 28 டிராவுக்கு 56, கைப்பிடிக்கும் அதன் சரிவுகளுக்கும் 8 முதல் 12 இன்ச், மொத்தம் 64-ல் இருந்து 68. இந்தக் கைக்கணக்கில் ரைசரைத் தனியாகக் கூட்டுகிறார்கள் என்பதைக் கவனிங்க. ரைசரை நீட்டி அந்த நீளத்தை லிம்ப்பில் இருந்து திருடினால் வில் ஒருநாள் முறியும் என்பது ஸ்ட்ரெயின் ஃபார்முலா எழுதப்படுறதுக்கு முன்னாடியே செதுக்குகிறவன் கைக்குத் தெரிஞ்சிருக்கு.

ரைசரே இல்லாவிட்டால்? 1545-ல் மூழ்கிய இங்கிலாந்து போர்க்கப்பல் மேரி ரோஸை 1982-ல் கடலில் இருந்து தூக்கினார்கள். அதில் இருந்து நூற்றுக்கும் மேல் யூ மர வில்லுகள் கிடைத்தன. நீளம் ஏறத்தாழ 1.87 மீட்டரில் இருந்து 2.11 மீட்டர் வரை. தனியாகக் கட்டையான பிடி கிடையாது. நடுப்பகுதியும் சேர்ந்தே கொஞ்சம் வளையும். எடை 100-ல் இருந்து 185 பவுண்ட் வரை இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவ்வளவு எடைக்கு மரம் தடிமனா இருந்தே ஆகணும். தடிமன் இருந்தால் ஆரம் பெருசா இருக்கணும். ஆரம் பெருசுன்னா நீளம் வேணும், கிடைக்கிற நீளம் முழுக்க வளையணும். ஆளை விட உயரமான வில் என்பது பகட்டுக்காக வந்தது இல்லை. ஜப்பானிய யூமியும் இந்தக் கட்சிதான்: வழக்கமான அளவு 221 சென்டிமீட்டர், மூங்கிலும் மரமும் ஒட்டினது, காதுக்குப் பின்னால் வரை இழுக்கிற டிரா. அதில் பிடி நடுவில்கூட இல்லை, கீழே இருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கும்.

வேகம் எங்கே போகுது

இதுவரை படிச்சால் "அப்போ ரைசரைக் குறைச்சு லிம்ப்பை நீட்டிக்கிட்டே போனால் போதுமே" என்று தோணும். தோணணும். ஆனால் லிம்ப் நீண்டால் கனக்கும், அந்தக் கனமும் அம்போடு சேர்ந்து ஓடணும்.

பால் க்ளாப்ஸ்டெக் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதற்கு ஒரு எளிமையான வழி கொடுத்தார். பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாரன்ஸ் ஹிக்மேன், ஃபாரஸ்ட் நேக்லர் ஆகியோரோடு சேர்ந்து 1947-ல் வில்லின் தொழில்நுட்பம் பற்றி ஒரு தொகுப்பு நூல் வெளியிட்டவர் இவர். லிம்ப், நாண் எல்லாவற்றின் அசைவையும் தனித்தனியாகக் கணக்குப் போடாமல், அம்போடு கூடவே ஓடுகிற ஒரு கற்பனைக் கனம் இருப்பதாக வைத்துக்கொள் என்றார். விர்ச்சுவல் மாஸ். வில்லில் சேர்ந்த ஆற்றல் அம்பின் கனத்தையும் இந்தக் கற்பனைக் கனத்தையும் சேர்த்து ஓட்டுது. அழகு என்னவென்றால், ஒரு வில்லுக்கு அம்பை மாற்றினாலும் இந்த எண் பெரிசா மாறுவதில்லை.

போட்டுப் பார்ப்போம். 40 பவுண்ட், பிரேஸ் 7.5, இழுவைத் தூரம் 18.75 இன்ச். விசை நேர்கோட்டில் ஏறுதுன்னு வைத்தால் கோட்டின் கீழே உள்ள பரப்பு சுமார் 42.4 ஜூல். (நல்ல ரெகர்வ் இதைவிட அதிகம் சேமிக்கும்.) அம்பு 26 கிராம், கற்பனைக் கனம் 11 கிராம் என்றால் வேகம் நொடிக்கு 47.9 மீட்டர். அம்புக்குப் போன பங்கு 70 சதவீதம். இப்போ லிம்ப்பை நீட்டினதால் கற்பனைக் கனம் 14 ஆச்சுன்னு வைங்க. வேகம் 46.0. அதே 47.9-ஐத் திரும்பப் பிடிக்கணும்னா வில் 8 சதவீதம் அதிக ஆற்றலைச் சேமிக்கணும்.

சேமிக்குமா? அதுதான் விஷயமே. லிம்ப் நீண்டதால் ஸ்டேக்கிங் குறையுது, விசை வளைவு கொஞ்சம் கொழுக்குது. இந்தக் கொழுப்பு 8 சதவீதத்தைத் தாண்டினால் நீள லிம்ப் ஜெயிக்கும், தாண்டாவிட்டால் குட்டை ஜெயிக்கும். 28, 29-க்கு மேல் இழுப்பவர்களிடம் நீள லிம்ப்புக்கு வாய்ப்பு அதிகம். 26 இழுப்பவரிடம் அது பாதி கூட வேலை செய்யாமல் சும்மா கனத்துக்கிட்டு ஓடும். அதனால் "நீள வில் மெதுவானது" என்றோ "நீள வில்தான் வேகம்" என்றோ யாராவது சத்தியம் பண்ணினால், "யார் இழுக்கும்போது?" என்று கேளுங்க.

அம்பின் கனமும் இதில் நுழையும். 40 கிராம் அம்பு போட்டால் 11-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசம் 40.8, 39.6 என்று சுருங்கிடும். 20 கிராம் அம்பில் 52.3, 49.9 என்று விரியும். கனமான அம்பு எய்யறவங்க லிம்ப்பின் கனத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படத் தேவையில்லை.

எந்தக் கனம் முக்கியம் என்பதும் உண்டு. லிம்ப்பில் ரைசர் பக்கத்தில் இருக்கும் மரம் கொஞ்சமாத்தான் அசையுது. நுனிதான் ஓடுது. ஒரு முனையில் கீல் வைத்த சீரான குச்சியின் கனத்தை நுனிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான் கணக்கில் வரும். நுனியில் இருக்கும் ஒரு கிராம் முழுசா வரும். அதனால் நல்ல வில் தயாரிப்பாளர்கள் நீளத்தைக் கூட்டும்போது நுனியைச் சுரண்டிச் சுரண்டி ஊசி மாதிரி ஆக்குவார்கள்.

இதே ஃபார்முலாவில் அம்பின் கனத்தைப் பூஜ்யம் ஆக்கிப் பாருங்க. 42.4 ஜூலும் அந்த 11 கிராமிலேயே போய் விழும். அம்பு இல்லாமல் நாணை இழுத்துச் "சும்மா" விடுவது லிம்ப்பை ஏன் உடைக்குது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். கிளப்பில் முதல் நாள் வர்ற ஜூனியர் கையில் வில்லைக் கொடுக்கும்போது இதை முதலில் சொல்லிடுங்க.

ரைசருக்கும் வேலை இருக்கு

ரைசர் என்பது லிம்ப்பில் இருந்து நீளத்தைத் திருடுகிற கட்டை மட்டும் இல்லை. அம்புக்குப் போகாத அந்த 30 சதவீதத்தில் ஒரு பகுதி கைக்குத்தான் அதிர்ச்சியா வருது. கனமான ரைசர் அதை விழுங்கும். நீளமான ரைசரில் கனம் நடுவில் இருந்து தள்ளி இருப்பதால் வில் மணிக்கட்டில் திரும்புவது கஷ்டம். தூரத்தின் இருபடியில் போகிற மொமென்ட் ஆஃப் இனர்ஷியா நம்ம பக்கம் நிற்குது. விடும் நேரத்தில் கை லேசாக நடுங்கினாலும் வில் அதை மன்னிச்சிடும். இலக்குப் போட்டிகளில் 25 இன்ச் உலோக ரைசர் சாதாரணமாகிப் போனதும், புதருக்குள் போகிறவர்கள் குட்டை ரைசர் தேடுவதும் இதனால்தான்.

வாங்கும்போது

இப்போ பெரும்பாலான கிளப்புகளில் இருப்பது ஐ.எல்.எஃப். பொருத்தம். எந்தக் கம்பெனி லிம்ப்பும் எந்தக் கம்பெனி ரைசரிலும் உட்காரும். லிம்ப் ஷார்ட், மீடியம், லாங் என்று வரும். 25 இன்ச் ரைசரில் இவை 66, 68, 70 ஆகும். 23-ல் 64, 66, 68. 21-ல் 62, 64, 66. ஆக 66 இன்ச் வில்லை மூணு விதமாகக் கட்டலாம். மேலே போட்ட கணக்கெல்லாம் இந்த மூணுக்கும் நடுவில் முடிவெடுக்கத்தான்.

உங்க டிரா தெரியாவிட்டால் ரெண்டு கையையும் விரித்து நுனிக்கு நுனி அளந்து 2.5-ஆல் வகுங்க. 165 சென்டிமீட்டர் என்றால் 26 இன்ச். 175 என்றால் 27.6. அண்ணளவுதான், ஆனால் ஆரம்பிக்கப் போதும். 26 பக்கம் இருப்பவர்களுக்கு 66 இன்ச். அதிலும் 25-ம் ஷார்ட்டும் சேர்ந்த ஜோடி என் தேர்வு. ரைசரின் நிதானம் கிடைக்கும், அந்த டிராவில் ஷார்ட் லிம்ப் ஸ்டேக் ஆகாது. 28 பக்கம் 68. 30-ஐத் தொடுகிறவர்கள் தயவுசெய்து லாங் லிம்ப் பக்கம் போங்க.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. லிம்ப்பில் எழுதியிருக்கும் பவுண்ட் பெரும்பாலும் 25 இன்ச் ரைசரில், 28 டிராவில் அளந்தது. (குட்டை ரைசருக்கென்றே விற்கும் வேட்டை லிம்ப்புகளில் வேறு ரைசரை வைத்து எழுதியிருக்கும், லேபிளைப் படிங்க.) அதே லிம்ப்பைக் குட்டை ரைசரில் மாட்டினால் எடை ஏறும். பழக்கத்தில் உள்ள கணக்கு: ரைசர் ஒரு இன்ச் குறைஞ்சால் ஏறத்தாழ ஒரு பவுண்ட். 30 பவுண்ட் லிம்ப்பை 17 இன்ச் ரைசரில் போட்டால் 38 பக்கம் போயிடும். போன வருஷம் சேர்ந்த பையன் தோள்பட்டைக்கு அது விளையாட்டு இல்லை. "லிம்ப் அதேதானே அண்ணா" என்பான். லிம்ப் அதேதான். என் குச்சிக் கணக்கிலும் ரைசரை 20-ல் இருந்து 16-க்குக் குறைச்சப்போ லிம்ப் ஒரு டிகிரிகூட முழுசா அதிகம் திரும்பவில்லை. ஆனால் விரல் இடத்தில் நாணின் கோணம் கூர்மையாச்சு, நாணின் இழுவிசையில் பெரிய பங்கு விரல் பக்கம் திரும்பிச்சு. எடை 6 சதவீதம் ஏறிடுச்சு. நிஜ ரைசர்களில் லிம்ப் உட்காரும் சரிவுக் கோணமும் சேர்ந்துக்கிறதால் இன்னும் கொஞ்சம் ஏறும்.

டிராவும் அப்படித்தான். 26 மட்டும் இழுக்கிறவர் 40 பவுண்ட் லேபிள் பார்த்து வாங்கினால் கையில் இருப்பது 36 சொச்சம். அதனால் லேபிளை நம்பி அம்பு வாங்காதீங்க. ஒரு கொக்கித் தராசை நாணில் மாட்டி, உங்க டிரா வரைக்கும் இழுத்து அளந்துக்குங்க. அந்த எண்ணுக்குத்தான் அம்பின் விறைப்பைப் பார்க்கணும்.

நாண் விஷயத்தில் ஒரு நிம்மதி. நாண் வில்லின் மொத்த நீளத்தை வைத்துத்தான் விற்கப்படுது, ரைசரை வைத்து இல்லை. 25-ம் ஷார்ட்டும், 23-ம் மீடியமும் ரெண்டுமே 66 என்பதால் ஒரே நாணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஜோடி மாறினதும் பிரேஸ் ஹைட்டை மட்டும் திரும்ப அளந்துடுங்க. குறைஞ்சிருந்தால் நாணைக் கழற்றிப் பத்துப் பதினைந்து முறுக்கு கூட்டினால் ஏறும், கூடியிருந்தால் முறுக்கைக் குறைச்சால் இறங்கும்.